சேர் ஜோன் சார்ன்லியும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும்

இடுப்பு மூட்டுத் தேய்ந்து வருடக்கணக்கில் கட்டிலோடு கிடந்தவர்கள், இன்று சத்திரசிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே எழுந்து நடக்கிறார்கள். அவர்களது உடலினுள்ளே பொருத்தப்படுவது ஒரு குண்டும் அது சுழல்வதற்கான ஒரு கிண்ணமும்தான். அந்தக் கிண்ணத்தை எதனால் செய்வது என்ற கேள்விக்கு விடை தேடியவர் சேர் ஜோன் சார்ன்லி.

1911 ஆகஸ்ட் 29இல் இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள பெரி நகரில் அவர் பிறந்தார். தந்தை மருந்தாளர், தாய் தாதி. மன்செஸ்டரில் மருத்துவம் கற்று 1935இல் வைத்தியரானார். இரண்டாம் உலகப் போரின்போது எகிப்தில் இராணுவ வைத்தியராக இருந்த காலத்தில், பட்டறையில் கருவிகள் செய்வதிலும் அவருக்கு ஈடுபாடு உண்டாயிற்று. கத்தி பிடித்த கை கடைசல் இயந்திரத்தையும் பிடிக்கக் கற்றுக்கொண்டது. இந்த இரட்டைப் பழக்கம் பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

அவரது சிந்தனையைத் தூண்டியது ஒரு சத்தம். அக்காலத்தில் பிரான்சிய வைத்தியர்களான ஜூடே சகோதரர்களின் முறைப்படி, தொடையென்பின் தலைக்குப் பதிலாக அக்ரிலிக் குண்டு பொருத்தப்பட்டு வந்தது. அப்படிப் பொருத்திக்கொண்ட ஒருவர் அசையும்போதெல்லாம் இடுப்பிலிருந்து 'கீச்' என்று ஒலி எழுந்ததாம். மனைவியாலேயே அதைச் சகிக்க முடியவில்லையாம்! கேட்டவர்கள் சிரித்திருக்கக்கூடும். சார்ன்லியோ, ஒலி வந்தால் உராய்வு இருக்கிறது, உராய்வு இருந்தால் பொருத்தியது ஒருநாள் தளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். நம் மூட்டுகளில் இருக்கும் கசியிழையத்தின் உராய்வோ, பனிக்கட்டியில் வழுக்குவதைவிடவும் குறைவு.

அவ்வளவு வழுக்கும் பொருள் எது? டெப்லோன் என்ற பல்பகுதியத்தை அவர் தெரிவு செய்தார். முதலில், தேய்ந்த கசியிழையத்துக்குப் பதிலாக என்பின் இரு மேற்பரப்புகளையும் மெல்லிய டெப்லோன் உறையால் மூடிப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. பின்னர் உலோகக் குண்டையும் டெப்லோன் கிண்ணத்தையும் அக்ரிலிக் சீமெந்தால் என்புடன் பிணைத்தார். உராய்வை இன்னும் குறைக்கக் குண்டை ஏறத்தாழ 22 மில்லிமீற்றராகச் சிறிதாக்கினார். நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். விகனுக்கு அருகிலுள்ள ரைட்டிங்டன் வைத்தியசாலையில், முன்பு கசநோயாளர் தங்கிய இடத்தில், புதிய நம்பிக்கை பிறந்தது.

மூன்று நான்கு ஆண்டுகளில் அந்த நம்பிக்கை இடிந்தது. டெப்லோன் வழுக்கியதே தவிரத் தாங்கவில்லை. குண்டு கிண்ணத்தைக் குடைந்துகொண்டு போயிற்று. உதிர்ந்த தூளை உடல் எதிர்த்ததால் மூட்டைச் சுற்றிலும் பாலாடைக்கட்டி போன்ற திசு வளர்ந்தது. ஏறத்தாழ 300 பேருக்கு அந்தக் கிண்ணம் பொருத்தப்பட்டிருந்தது. மீண்டும் நடக்கலாம் என்று மகிழ்ந்தவர்களை மறுபடியும் சத்திரசிகிச்சை மேசையில் கிடத்த வேண்டியதாயிற்று.

1962இல் விற்பனையாளர் ஒருவர் உயர் மூலக்கூற்று நிறையுடைய பொலித்தீன் துண்டொன்றைக் கொண்டு வந்தார். நெசவாலை இயந்திரங்களின் பற்சில்லுகளுக்குப் பயன்பட்ட பொருள் அது. சார்ன்லி அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆனால் அவருடன் வேலை செய்த ஹரி கிறேவன், சார்ன்லி வெளிநாடு சென்றிருந்த சமயம் பார்த்து அதைத் தேய்வுச் சோதனை இயந்திரத்தில் மாட்டிவிட்டார். டெப்லோன் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கு இது மூன்று வாரமாகியும் தேயவில்லை! இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் கிறேவன்தான். தம் கருத்துப் பிழையானதைக் கண்டு சார்ன்லி வெட்கப்படவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே புதிய கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார்.

உடல் இதையும் எதிர்த்தால் என்ன செய்வது? இரு பொருட்களின் நுண்தூளையும் தம் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார். ஒன்பது மாதங்களின் பின் டெப்லோன் ஏற்றிய இடங்களில் கட்டிகள் தெரிந்தன. பொலித்தீன் ஏற்றிய இடத்தில் எதுவும் தட்டுப்படவில்லை. 1963இல் 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டார். இந்தத் துணிவை எல்லோரும் புகழ்கிறார்கள். டெப்லோனை 300 பேருக்குப் பொருத்துவதற்கு முன்பே அந்த ஊசி ஏற்றப்பட்டிருந்தால் என்ற எண்ணம் மட்டும் எனக்கு எழாமல் இல்லை.

கிருமித்தொற்றைத் தடுக்க, வடிகட்டிய காற்று வீசும் தனிக்கூடம் ஒன்றைச் சத்திரசிகிச்சை அறைக்குள் அமைத்ததும் அவரே. 1977இல் சேர் பட்டம் பெற்றார். தாம் இறந்த பிறகு கிண்ணத்தைத் திருப்பி எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று நோயாளிகளிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி வைத்திருந்தார். அப்படி வந்து சேர்ந்த கிண்ணங்களின் தேய்வை அளந்துகொண்டே இருந்தார். 1982 ஆகஸ்ட் 5இல் காலமானார்.

பொலித்தீனும் மெல்லத் தேய்கிறது என்பதும், அதன் நுண்துகள்கள் நாளடைவில் அருகிலுள்ள என்பை அரிக்கின்றன என்பதும் பின்னர் தெளிவாயிற்று. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் மேற்பரப்பில் நீரைப் பிடித்துவைக்கும் மிக மெல்லிய பல்பகுதியப் படையொன்றை வளர்த்து, 2011 முதல் பயன்பாட்டுக்கு விட்டார்கள். கசியிழையம் தேய்ந்த இடத்தில் வழுக்கும் மேற்பரப்பு ஒன்றைப் போர்த்துவதையே, அந்த முதல் டெப்லோன் உறைகளில் சார்ன்லியும் முயன்று பார்த்திருந்தார்.