கைவிளக்கேந்திய காரிகை மட்டும்தானா? நர்ஸை வைத்தே நர்ஸ்களை உருவாக்கிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்!

மே 12, உலக செவிலியர் தினம். அது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள். பள்ளிப் பாடத்தில் வருவது என்னவோ போர்முனையில் விளக்கோடு நடந்த நைட்டிங்கேல்தான். ஆனா அங்கே அவர் இருந்தது 2 வருடம்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இன்றைய எச்.ஐ.வி. சிகிச்சை வரை கைகொடுக்கிறது. எப்படி?

யார் இவர்?

1820ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். நர்ஸ் வேலையையே மட்டமாகப் பார்த்த காலம் அது. வீட்டில் கடும் எதிர்ப்பு. அதையும் மீறி 1854ல், கிரிமியப் போரில் காயமடைந்த வீரர்களைக் கவனிக்க 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே காயத்தைவிட தொற்றுநோய்தான் அதிக உயிர்களைப் பறித்தது.

பள்ளி எதற்கு?

அவரைப் பாராட்டி மக்கள் திரட்டிய நிதி சுமார் 45,000 பவுண்டு. அதை வைத்து 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 15 மாணவிகளுடன் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஒரு மருத்துவமனைக்கு ஆள் சேர்ப்பது மட்டும் நோக்கம் இல்லை. இங்கே கற்றவர்கள் வேறு ஊர்களுக்குப் போய், அங்குள்ளவர்களுக்கும் கற்றுத்தர வேண்டும். நோயால் வீட்டிலேயே முடங்கிய நைட்டிங்கேல், கடிதங்கள் மூலமாகவே மாணவிகளை வழிநடத்தினார்.

உயிரே விலை

அங்கு பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ், 1865ல் 12 நர்ஸ்களோடு லிவர்பூல் ஏழைகள் விடுதியின் மருத்துவமனைக்குப் போனார். அதுவரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டது, பயிற்சியே இல்லாத விடுதிவாசிகள்தான். 1868ல் டைபஸ் காய்ச்சல் ஆக்னஸின் உயிரைப் பறித்தது. வயது 35. அதே ஆண்டு லூசி ஆஸ்பர்ன் 5 நர்ஸ்களோடு சிட்னி போய்ச் சேர்ந்தார்.

எச்.ஐ.வி.க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எய்ட்ஸ் பரவத் தொடங்கியபோது மருத்துவமனைக்குள்ளேயே பயம் இருந்தது. நோயாளியைத் தொடவே தயங்கியவர்கள் உண்டு. இங்கேயும் பலன் தந்தது அதே வழிதான்: முதலில் சில நர்ஸ்களுக்குப் பயிற்சி, பிறகு அவர்கள் மூலம் சக நர்ஸ்களுக்கு. இந்திய நர்சிங் கவுன்சிலும் எச்.ஐ.வி. பயிற்சியை முன்னெடுத்தது.

தொட்டால் தொற்றாது; ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரமாகத் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும்; நோயாளியின் விவரம் வெளியே போகக்கூடாது. இதையெல்லாம் சுற்றறிக்கையில் படிப்பதைவிட, பக்கத்து வார்டு அக்கா சொன்னால் மனசில் பதியும்.

நைட்டிங்கேல் 1910ல், 90 வயதில் காலமானார். எச்.ஐ.வி. என்ற பெயரையே அவர் கேட்டதில்லை. ஆனா கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுத்தரும் அவருடைய வழி இன்னும் வார்டுகளில் இருக்கிறது.