உப்புகளுக்கு ஒழுங்கு கண்ட மேதை அர்ராஸீ

பாரசீகத்தின் ரை நகரில், ஹிஜ்ரி 251, ஷஃபான் முதற்பிறையன்று (கி.பி. 865) ஓர் ஆண் மகவு பிறந்தது. பிற்காலத்தில் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ எனக் கீழ்த்திசையும், ராஸெஸ் என மேற்றிசையும் போற்றிய மருத்துவ மேதை அவரே. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டிய நூலால் உலகம் அறிந்த அவர், இரசவாதத்தில் உழன்ற பின்னரே மருத்துவத்துக்கு வந்தார் என்பதைப் பலர் அறியார்.

அக்காலத்து இரசவாதிகள் தாம் கையாண்ட பொருள்களைப் புதிர்ப்பெயர்களால் மறைத்து வைத்தனர். ஒரே பெயர் பல பொருள்களைச் சுட்டும். ஒரே பொருள் பல பெயர்களில் உலவும். அர்ராஸீ இத்திரையை விலக்கினார். தமது ‘கிதாபுல் அஸ்ரார்’ என்னும் நூலில், மண்ணிலிருந்து கிடைப்பவற்றை ஆவியாகுபவை, உலோகங்கள், கற்கள், துத்தங்கள், வெங்காரங்கள், உப்புகள் என 6 வகைகளாகப் பகுத்தார். படிகாரம் துத்தங்களோடு சேர்ந்தது. நெருப்பிலிட்டால் புகையாய் எழும் நவச்சாரம் பாதரசத்தோடும் கந்தகத்தோடும் வைக்கப்பெற்றது. பெயரைக் கேட்டன்று, பொருளின் இயல்பைக் கண்டே அவர் இனம் பிரித்தார்.

உப்பை நீரில் கரைத்து, வடித்து, மீண்டும் உறையவைத்துத் தூய்மையாக்கும் முறைகளையும் தெளிவாக எழுதி வைத்தார். கரைந்த உப்பு நீரில் என்னவாகிறது என்னும் வினாவுக்கு விடை காணப் பல நூற்றாண்டுகள் சென்றன. 1884இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் அதற்கு வழி திறந்தார். சமையலுப்பு, நேர்மின்னூட்டம் பெற்ற சோடியம் அயனிகளும் எதிர்மின்னூட்டம் பெற்ற குளோரைடு அயனிகளும் இறுகப் பிணைந்த படிகமாகும். நீரின் மூலக்கூறுகள் அவற்றைத் தனித்தனியே சூழ்ந்து பிரித்துவிடுகின்றன. அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் சுமார் 36 கிராம் உப்பையே ஏற்கும். பெயரிலும் உலோகம் முன்னும் அதன் துணை பின்னும் நின்று, சோடியம் குளோரைடு என வழங்குகிறது.

பெயர் பிழைத்தால் உயிர் பிழைக்காது என்பதற்குப் பாதரசமே சான்று. அர்ராஸீ தாம் வளர்த்த குரங்கொன்றுக்குப் பாதரசத்தைக் கொடுத்து, அதற்குப் பெருந்தீங்கு நேரவில்லை எனக் கண்டார். ஆயினும், பதங்கமாக்கிய பாதரசம் கொல்லும் நஞ்சு என எச்சரித்தார். பாதரசமும் குளோரினும் சேர்ந்து பூரம், வீரம் என இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. மெர்க்குரஸ் குளோரைடு எனப்படும் பூரம் நீரில் பெரும்பாலும் கரையாது. முற்காலத்தில் அது மருந்தாக வழங்கிற்று. மெர்க்குரிக் குளோரைடு எனப்படும் வீரமோ நீரில் கரைந்து, உடலில் எளிதில் ஊறிக் கொல்லும். பெயரில் ஈற்றெழுத்தே வேறுபாடு!

ரையிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அவர், முதுமையில் பார்வை இழந்தார். ஹிஜ்ரி 313, ஷஃபான் 5இல் (கி.பி. 925) ரை நகரிலேயே மறைந்தார். அவருடைய சமயக் கருத்துகள் சிலவற்றை அறிஞர்கள் வன்மையாக மறுத்தனர். அவ்வாறு மறுத்தவருள் ஒருவரான அல்பீரூனீயே, அவர் எழுதிய 184 நூல்களைத் தேடிப் பட்டியலிட்டார். கருத்தில் மாறுபட்டும் அறிவை மதித்த பெருந்தன்மை அது.

நம் இல்லங்களில் பெயர் எழுதாத புட்டியொன்று அலமாரியில் இருக்குமானால், இன்றே அதன்மேல் பெயரை எழுதி ஒட்டுவோமாக. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மேதை கற்பித்த பாடமும் அதுவே.