நிழற்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப்

ஒரு நகரின் பழம்பெருமையைப் பாட்டும் கல்வெட்டும் எடுத்துரைக்கும். ஆயினும், முற்காலத்தில் அந்நகர் தோன்றிய வண்ணத்தை உள்ளவாறே கண்முன் நிறுத்த வல்லது நிழற்படமாகும். மதுரை மாநகரின் 1858-ஆம் ஆண்டுத் தோற்றத்தை அவ்வாறு காத்தளித்தவர் லின்னேயஸ் டிரைப் என்பவர்.

இவர் 1822-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிற் சேர்ந்தார். விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது, அந்நாளில் புதிதாய்த் தோன்றிய நிழற்படக் கலையை விரும்பிக் கற்றார். 1855-இல் பர்மாவிற்குச் சென்ற அரசியல் தூதுக்குழுவுடன் சென்று, இருநூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் 120 படங்களைத் தேர்ந்து, ஐம்பது தொகுதிகளாக ஆறாயிரம் படிகள் ஆக்கினார்.

அக்காலத்தில் நிழற்படம் எடுத்தல் எளிய செயலன்று. மெல்லிய தாளில் மெழுகேற்றி, வெள்ளியுப்புக் கரைசலில் தோய்த்து, பெரிய படப்பெட்டியுள் வைத்து, ஒளி நெடுநேரம் படுமாறு காத்திருத்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு படியையும் வெயிலில் வைத்தே எடுத்தல் வேண்டும். வானம் வெறுமையாய்த் தோன்றிய படங்களில், மூலத்தாளின்மீது வண்ணந்தீட்டி முகில்களை அமைத்தார். அவர்தம் பொறுமைக்கு இஃதொன்றே சான்றாகும்.

சென்னை அரசின் நிழற்படக் கலைஞராகிய டிரைப், 1857-ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாட்டுப் பயணம் தொடங்கினார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களோடு மதுரையையும் படம் எடுத்தார். புதுமண்டபம், முற்றுப்பெறாத இராயகோபுரம், தெப்பக்குளம், வையையாற்றின் குறுக்கேயமைந்த பாதை, நகர்ப்புறத்துச் சமவெளியில் தனித்தோங்கும் யானைமலை ஆகியன அவர்தம் படங்களில் இடம்பெற்றன. அப்பயணத்தின் பயனாய் வெளிவந்த ஒன்பது தொகுதிகளுள் நான்கு மதுரைக்கே உரியன.

எனினும், இவ்வரிய பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதனை வீண்செலவெனக் கருதி நிறுத்தினார். டிரைப் தம் கலையை ஏறக்குறையக் கைவிட்டு, மீண்டும் படைப்பணியை மேற்கொண்டார். 1902-இல் பிறந்த ஊரிலேயே உயிர் நீத்தார்.

அன்று வீண்செலவு என்று எண்ணப்பட்டதன் பயன் யாது? திருமலை நாயக்கர் அரண்மனை, நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்த 1866 முதல் 1872 வரையிலான காலத்திலேயே பழுது பார்க்கப்பெற்றது. அதற்கு முன் அது சிதைந்து நின்ற கோலத்தை டிரைப்பின் படங்கள் இன்றும் காட்டுகின்றன. 2015-ஆம் ஆண்டு இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவர்தம் படங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. செலவைக் கணக்கிட்டோர் மறைந்தனர். செய்த பணியோ நிலைத்து நிற்கின்றது. ஒரு செயலின் மதிப்பை அன்றைய பயனொன்றையே கொண்டு அளத்தல் ஆகாது என்பதை இவர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.