நடுக்கம் வென்ற நங்கை

நன்கு கற்ற பாடமும் தேர்வு மண்டபத்தில் மறந்துபோவதுண்டு. வீட்டில் பிழையின்றிப் பாடிய பாட்டும் மேடையேறியவுடன் தொண்டையிற் சிக்கிக்கொள்வதுண்டு. கல்விக் குறைவு இதற்குக் காரணம் அன்று. பலர் கண்முன் நிற்கின்றோம் என்னும் எண்ணமே உள்ளத்தைக் கலக்கி உடலை நடுங்கச் செய்கின்றது. இதனை அவையச்சம் என்பர். மேடையில் நிற்பவருக்குக் கால் சற்று நடுங்கினாலும் தரை தாங்கிக்கொள்ளும். பனிக்கட்டியின்மேல் ஆடுபவருக்கோ அத்தரையும் துணை நில்லாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சறுக்குதலையே கலையாகக் கொண்டு, அதில் அடி தவறாது நின்று, உலக முதன்மையைப் பன்முறை பெற்ற நங்கையொருத்தியின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ளது நார்வே நாடு. அங்குக் குளிர்காலம் நெடியது. ஏரிகளும் குளங்களும் உறைந்து பளிங்குத் தரை விரித்தாற்போலக் காட்சி தரும். நம் நாட்டுச் சிறுவர் தெருவில் பந்தாடுதல்போல அந்நாட்டுச் சிறுவர் அப்பனித்தரையில் சறுக்கி விளையாடுவர். அந்நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோ, முன்னர்க் கிறிஸ்தியானியா என்னும் பெயருடன் விளங்கியது. அந்நகரில் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் சோன்யா ஹெனி பிறந்தாள். தந்தையார் வில்ஹெல்ம் ஹெனி, மென்மயிர்த் தோலாடை வாணிகம் செய்த செல்வர். இளமையில் மிதிவண்டிப் பந்தயத்தில் உலக வெற்றி பெற்றவர். அதனால், போட்டி என்பது எத்தன்மையது என்பதை அவர் நன்கறிவார். சோன்யாவுக்கு லெய்ப் என்னும் தமையன் ஒருவன் இருந்தான். ஆறு வயதளவில் அவளுக்குச் சறுக்குக் காலணிகள் பரிசாகக் கிடைத்தன. அன்று பனித்தரையில் வைத்த காலை அவள் பின்வாங்கவே இல்லை. பத்து வயதில் தன் நாட்டின் மகளிர் முதன்மையை வென்றாள்.

இக்கலையின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். சறுக்குக் காலணியின் அடியில் எஃகுத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அத்தகட்டின் அடிப்புறம் நடுவில் சற்றே குழிந்து, இருபுறமும் கூரிய விளிம்புகளை உடையதாக இருக்கும். ஆடுபவர் ஒருபுறம் சாய்ந்து ஒரு விளிம்பின்மேலேயே தம் உடல் முழுவதையும் தாங்கிச் செல்லுதல் வேண்டும். அக்காலத்துப் போட்டி இரு பகுதிகளை உடையது. முதற்பகுதியில் எட்டு என்னும் எண்ணைப் போன்ற வட்டங்களைப் பனித்தரையில் ஒற்றைக்காலால் வரைதல் வேண்டும். ஒருமுறை வரைந்த கோட்டின்மீதே மீண்டும் பிறழாமற் செல்லுதல் வேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று அக்கோடுகளைக் கூர்ந்து நோக்குவர். கால் மயிரிழை நடுங்கினாலும் அந்நடுக்கம் பனியில் எழுதப்பட்டுவிடும். உள்ளத்தின் கலக்கத்தை முகத்தில் மறைத்துவிடலாம். பனித்தரையில் மறைத்தல் இயலாது. இரண்டாம் பகுதி, இசைக்கேற்ப விரும்பியவாறு ஆடுவது. மகளிர்க்கு இதற்கு நான்கு நிமிடமே அளிக்கப்பட்டது. அச்சிறு பொழுதில் தாவலும் சுழலும் நடனமும் ஒன்றோடொன்று இணைந்து வருதல் வேண்டும்.

1924-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சாமொனி நகரில் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. பதினொரு வயதுச் சிறுமி சோன்யா தன் நாட்டின் சார்பாக அங்குச் சென்றாள். உடன் போட்டியிட்டோர் வளர்ந்த பெண்டிர். ஆட்டத்தின் நடுவே அடுத்துச் செய்ய வேண்டுவது யாதென அவளுக்குத் தோன்றவில்லை. அரங்கின் ஓரத்திற்குச் சறுக்கிச் சென்று, அங்கு நின்ற ஆசிரியரைக் கேட்டு அறிந்துகொண்டு, மீண்டும் நடுவே வந்து ஆடினாள். இவ்வாறு ஒரு முறையன்று, சில முறை செய்தாள். போட்டியிட்டோர் எண்மர், சோன்யா எட்டாவதாக வந்தாள். ஆஸ்திரியா நாட்டு ஹெர்மா சாபோ என்பவர் முதற்பரிசு பெற்றார்.

கடைசியிடம் பெற்ற சிறுமி வீட்டின் மூலையில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தாளா? இல்லை. அவ்வாண்டிலேயே நடந்த உலகப் போட்டியிலும் கலந்துகொண்டு ஐந்தாம் இடம் பெற்றாள். தந்தையார் மகளின் குறையைக் கண்டு சினவாமல், அக்குறையின் வேரைக் களைய முற்பட்டார். தேர்ந்த ஆசிரியர்களை அமர்த்தினார். குளிர்காலம் கழிந்த பின்னரும் பயிற்சி நில்லாதவாறு பனித்தரை உள்ள அயல்நாடுகளுக்கு மகளை அழைத்துச் சென்றார். இலண்டன் மாநகரில் ஹோவர்டு நிக்கல்சன் என்னும் ஆசிரியரிடம் சோன்யா பயின்றாள். நடனக் கலையையும் முறையாகக் கற்றாள். புகழ்பெற்ற ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு வியந்து, அந்நயத்தைப் பனித்தரையிலும் கொணர விழைந்தாள். அக்காலத்தில் தனித்தனித் திறன்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகாட்டுதலே பெருவழக்கு. சோன்யா தன் ஆட்டம் முழுவதையும் தொடக்கமும் நடுவும் முடிவும் உடைய நடனமாக அமைத்துக்கொண்டாள்.

இவ்வாறு அமைத்ததனால் விளைந்த நன்மை இரண்டு. காண்பவர் மகிழ்ந்தனர் என்பது ஒன்று. ஆடுபவளின் அச்சம் குறைந்தது என்பது மற்றொன்று. உதிரிப் பூக்களை ஏந்திச் செல்பவன் எதனைத் தவறவிடுவோமோ என்று அஞ்சுவான். அவற்றையே மாலையாகத் தொடுத்து எடுத்துச் செல்பவனுக்கு அக்கவலை இல்லை. ஓர் அசைவு அடுத்த அசைவைத் தானே அழைத்துக்கொண்டு வருமாறு நாள்தோறும் பயின்றபின், அரங்கின் ஓரத்திற்குச் சென்று கேட்க வேண்டிய தேவை ஏது?

1926-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் சோன்யா இரண்டாம் இடம் பெற்றாள். மறு ஆண்டு அப்போட்டி அவள் பிறந்த நகரிலேயே நடைபெற்றது. அங்கு முதலிடம் அவளுக்குக் கிடைத்தது. ஆயினும் அவ்வெற்றியில் ஒரு நிழல் படிந்தது. நடுவர் ஐவருள் மூவர் நார்வே நாட்டினர். அம்மூவரும் சோன்யாவுக்கும், ஏனைய இருவரும் சாபோ அம்மையாருக்கும் முதலிடம் அளித்திருந்தனர். இதனால் எழுந்த பூசலின் பயனாக, ஒரு நாட்டுக்கு ஒரு நடுவரே என்னும் விதி பின்னர் ஏற்பட்டது. நடுவர் தெரிவில் சிறுமியின் பிழை ஒன்றுமில்லை. எனினும், ஐயத்துடன் கிடைத்த வெற்றி ஒரு கடன் போன்றது. அதனைத் தீர்க்கும் பொறுப்பு அவள் தோள்மேல் விழுந்தது.

1928-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்சு நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. நான்கு ஆண்டுகட்கு முன் கடைசியாக வந்தவள் என்பதை மறவாதவர் பலர் இருந்திருப்பர். முந்திய ஆண்டின் ஐயமும் மறையவில்லை. பதினைந்து வயதுச் சோன்யா அன்று ஆடிய ஆட்டம் எல்லா ஐயத்தையும் போக்கியது. நடுவர் எழுவருள் அறுவர் அவளுக்கே முதலிடம் தந்தனர். கடன் தீர்ந்தது. 1932-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லேக் பிளாசிடு நகரிலும் அவருக்கே பொற்பதக்கம் கிடைத்தது. 1927 முதல் 1936 வரை உலக முதன்மையைப் பத்து ஆண்டுகள் இடையறாது பெற்றார்.

பத்தாண்டு வெற்றிக்குப் பின் அச்சம் அறவே நீங்கிவிட்டதோ எனின், இல்லை. வெல்லும்வரை தோல்வியைப் பற்றிய அச்சம்; வென்றபின் வெற்றியை இழப்போமோ என்னும் அச்சம். 1936-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன் நகரில் நான்காம் முறையாக ஒலிம்பிக் அரங்கில் இறங்கினார். இங்கிலாந்து நாட்டுச் செசிலியா காலெட்ஜ் என்னும் பதினைந்து வயதுப் பெண் வட்டம் வரையும் பகுதியில் அவரை நெருங்கி வந்துவிட்டாள். சுவரில் ஒட்டப்பட்டிருந்த புள்ளிப் பட்டியலைக் கண்ட சோன்யா சினங்கொண்டு அதனைக் கிழித்தெறிந்தார் என்பர். உள்ளக் கொந்தளிப்பு அவருக்கும் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இசை ஆட்டத்திற்குரிய நாள் வந்தது. காலெட்ஜ் முன்னதாகவே அரங்கில் இறங்கினாள். அவளுக்குரிய இசைக்கு மாறாக வேறோர் இசைத்தட்டு வைக்கப்பட்டது. பிழை திருத்தப்படும்வரை அப்பெண் பனித்தரையிற் காத்து நின்றாள். தொடங்கிய சிறிது நேரத்தில் விழுவாள்போல் தடுமாறினாள். ஆயினும் மனந்தளராது நின்று ஆட்டத்தைச் சிறப்புற முடித்தாள். அவளுடைய உறுதியும் போற்றத்தக்கதே. சோன்யாவுக்கோ எல்லோருக்கும் இறுதியில் ஆடும் முறை வந்தது. பிறர் ஆடி முடிக்குமளவும் காத்திருத்தல் எத்துணைக் கடிது என்பதைத் தேர்வறை வாயிலில் நின்ற மாணவர் அறிவர். முறை வந்ததும் சோன்யா அரங்கேறினார். சினமும் கவலையும் வெளியே நின்றன. பயிற்சி மட்டுமே உடன் சென்றது. மூன்றாவது பொற்பதக்கமும் அவருடையதாயிற்று. காலெட்ஜ் இரண்டாம் பரிசு பெற்றாள்.

அவ்வாண்டே அவர் போட்டிகளினின்றும் விலகி அமெரிக்காவிற்குச் சென்றார். திரைப்படங்களில் நடித்தும், பனி நடனக் குழுவொன்றை நடத்தியும் பெரும்பொருள் ஈட்டினார். 1941-ஆம் ஆண்டு அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். ஆனால், அவர் வாழ்வில் ஒரு மாசு உண்டு. அதனைக் கூறாது விடுதல் முறையன்று. 1936-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஆடியபோது, கொடுங்கோலன் ஹிட்லருக்கு நாஜிகள் முறைப்படி கையுயர்த்தி வணக்கம் செலுத்தினார். பின்னர் அவன் அளித்த விருந்தையும் ஏற்றார். 1940-ஆம் ஆண்டு அவனுடைய படைகள் நார்வேயைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு மக்கள் இச்செயலை நினைந்து வருந்தினர். பனித்தரையில் நடுங்காத கால் உடையவருக்கும் அறத்தின் தரையில் அடி சறுக்கியது.

1956-ஆம் ஆண்டு நீல்சு ஒன்ஸ்டாடு என்னும் நார்வே நாட்டுக் கப்பல் வாணிகரை மணந்தார். இருவரும் அரிய ஓவியங்களைத் திரட்டி, ஒஸ்லோவின் அருகே கலைக்கூடம் ஒன்றை நிறுவினர். அது 1968-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், குருதிப் புற்றுநோயால் வருந்திய அவர், பாரிசு நகரிலிருந்து ஒஸ்லோவுக்கு வானூர்தியில் செல்லும் வழியிலேயே தம் ஐம்பத்தேழாம் வயதில் உயிர் நீத்தார்.

மாணவர்களே! அச்சம் வருதல் இழிவன்று. வந்த அச்சத்திற்கு அடிபணிதலே இழிவு. சாமொனியில் வழிமறந்து நின்ற சிறுமிக்கும் கார்மிஷில் அடிபிறழாது ஆடிய நங்கைக்கும் இடையே இருந்தவை பன்னிரண்டு ஆண்டு உழைப்பும், தோல்வியை ஆசானாக ஏற்ற பணிவும் ஆகும். தேர்வுக்கோ மேடைக்கோ செல்லுங்கால் நெஞ்சு படபடக்குமாயின், பரிசையும் பழியையும் எண்ணாது, முதலடியை மட்டும் எண்ணுமின். நன்கு பயின்ற ஓரடி, அடுத்த அடியைத் தானே அழைத்து வரும். அரங்கில் நில்லாத நடுக்கம் வாழ்க்கையின் அறநெறியிலும் நில்லாதிருக்குமாயின், அதுவே முழுமையான வெற்றி.