ஊரின் பங்கைக் கேட்ட வள்ளல்: ஜூலியஸ் ரோசன்வால்ட்

கொடுப்பது எளிது என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். கையில் பொருளும் நெஞ்சில் இரக்கமும் இருந்தால் போதும் என்பது பலரது கருத்து. ஆயினும் ஓர் அறக்கட்டளையை நிருவகித்துப் பழகியவர்கள் இக்கருத்தை முழுமையாக ஏற்கமாட்டார்கள். கொடுத்த பொருள் உரிய இடத்தைச் சேர்ந்ததா, பெற்றவர்கள் தம் காலில் நிற்கத் தொடங்கினார்களா, அன்றி மறு ஆண்டும் கையேந்தும் நிலையிலேயே இருக்கின்றார்களா என்னும் வினாக்கள் கொடுத்த பின்னரே எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்க வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட். அவருடைய வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகின்றோம்.

இளமையும் வணிகமும்

ரோசன்வால்ட் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தையார் சாமுவேல் ஆயத்த ஆடைக் கடை நடத்தி வந்தார். ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகும் முன் வாழ்ந்த இல்லம் இவர்கள் வீட்டிற்கு மிக அருகில் இருந்தது. அடிமை முறையை முன்னிட்டு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அப்போரின் முடிவில் விடுதலை பெற்ற மக்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இக்குழந்தை பின்னாளில் துணை நிற்கும் என்பதை அன்று எவர் அறிந்திருக்க முடியும்?

உயர்நிலைப் பள்ளிக் கல்வியை அவர் முடிக்கவில்லை. பதினாறு வயதில் நியூயார்க் நகருக்குச் சென்று, ஆடை வணிகம் செய்த தாய்மாமன்மாரிடம் தொழில் கற்றார். 1885இல் சிகாகோ நகருக்கு வந்து ஆடை தயாரிப்பில் ஈடுபட்டார். 1895இல் அவரும் அவருடைய மைத்துனர் ஆரன் நஸ்பாமும் சேர்ந்து 75,000 டாலர் முதலீட்டில் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தில் பாதிப் பங்கைப் பெற்றனர். பொருள்களின் படங்களும் விலைகளும் அடங்கிய தடித்த விலைப்பட்டியல் நூலை நாடெங்கும் அனுப்பி, அஞ்சல் வழியே விற்பனை செய்த நிறுவனம் அது. கடைத்தெருவையே காணாத கிராமத்து உழவர்கள் அதன் முதன்மை வாடிக்கையாளர்கள் ஆயினர். ரிச்சர்டு சியர்ஸ் 1908இல் விலகிய பின்னர் ரோசன்வால்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சில ஆண்டுகளிலேயே நாட்டின் பெருஞ்செல்வர் வரிசையில் அவரும் இடம்பெற்றார்.

செல்வம் பெருகிய போது அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் சிகாகோவின் யூத சமயகுரு எமில் ஹிர்ஷ். எபிரேய மொழியில் ஈகையைக் குறிக்கும் சொல் நீதி என்னும் வேரிலிருந்து பிறந்தது. எனவே கொடுப்பது கொடுப்பவனின் பெருந்தன்மை அன்று, அவன் செலுத்த வேண்டிய கடன் என்பது அக்குருவின் போதனை. ரோசன்வால்ட் அதனை வாழ்வின் விதியாகக் கொண்டார்.

நிபந்தனையுடன் கூடிய கொடை

அக்காலத்தில் அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்களில் கிறிஸ்தவ இளைஞர் சங்கங்கள் கறுப்பின இளைஞர்களுக்குக் கதவடைத்திருந்தன. அவர்களுக்கெனத் தனிக் கட்டடம் எழுப்ப விரும்பும் எந்த நகருக்கும் 25,000 டாலர் தருவதாக ரோசன்வால்ட் அறிவித்தார். ஆனால் அந்நகர மக்கள் தாமே 75,000 டாலர் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கறுப்பினத் தொழிலாளரும் பணியாளரும் தம் சிறுசேமிப்பைக் கொணர்ந்து சேர்த்தனர்; வெள்ளையரும் பங்களித்தனர். இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் கட்டடங்கள் எழுந்தன. சிகாகோவின் வாபாஷ் அவென்யூவில் 1913இல் திறக்கப்பட்ட கட்டடம் அவற்றுள் ஒன்று. கறுப்பின வரலாற்றை ஆராய்வதற்கான சங்கத்தைக் கார்ட்டர் உட்சன் 1915இல் தோற்றுவித்தது அக்கட்டடத்தில்தான்.

யூதராகிய அவர் கிறிஸ்தவச் சங்கத்திற்குக் கொடுத்ததையும், வெள்ளையராகிய அவர் கறுப்பினத்தவருக்குக் கொடுத்ததையும் கண்டு அன்று பலர் வியந்தனர். நம்மை வியக்கச் செய்வதோ அந்த நிபந்தனை. முழுத் தொகையையும் தாமே தந்துவிடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அவ்வாறு தந்திருந்தால் கட்டடம் அவருடையதாக இருந்திருக்கும். நான்கில் ஒரு பங்கு மட்டும் தந்ததால் அது ஊரின் உடைமை ஆயிற்று.

மீதித் தொகையில் முளைத்த விதை

1911இல் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை ரோசன்வால்ட் சந்தித்தார். வாஷிங்டன் அடிமையாகப் பிறந்து, அலபாமா மாநிலத்தில் டஸ்கெகி கல்வி நிலையத்தை உருவாக்கியவர். மறு ஆண்டே ரோசன்வால்ட் அந்நிலையத்தின் அறங்காவலர் குழுவில் சேர்ந்தார். அதே 1912இல் தமது ஐம்பதாவது பிறந்தநாளை முன்னிட்டு அவர் வழங்கிய கொடைகளுள் டஸ்கெகிக்கு உரியது 25,000 டாலர். உரிய செலவுகள் போக 2,800 டாலர் எஞ்சியது. அதனைக் கொண்டு அருகிலுள்ள சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார். ரோசன்வால்ட் இசைந்தார்.

முதற்பள்ளி 1913இல் லோச்சபோகா என்னும் சிற்றூரில் எழுந்தது. அதற்கு ஆன செலவு 942 டாலர் அளவே. அதில் ரோசன்வால்டின் பங்கு 300 டாலர். எஞ்சியதை அவ்வூரின் கறுப்பின மக்கள் பணமாகவும் உடலுழைப்பாகவும் தந்தனர். அண்டையிலிருந்த வெள்ளையரும் உதவினர்.

இதன் அருமையை உணர அன்றைய நிலையை நாம் அறிய வேண்டும். தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளையர் குழந்தைகளுக்கும் பள்ளிகள் சட்டப்படி தனித்தனியாக இருந்தன. வரிப்பணத்தில் கறுப்பினப் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது மிகச் சிறு பகுதியே. பல ஊர்களில் தேவாலயத்தின் ஒரு மூலையிலோ ஒழுகும் மரக்குடிசையிலோ வகுப்புகள் நடந்தன. பருத்தி பறிக்கும் காலம் வந்தால் பள்ளி மூடப்பட்டது.

ஆகவே கொடையின் விதிகள் நன்கு ஆராய்ந்து வகுக்கப்பட்டன. ஊர் மக்கள் தம் பங்கைத் திரட்ட வேண்டும். நிலமும் கட்டடமும் அரசின் பள்ளி நிருவாகத்தின் பெயருக்கு எழுதித் தரப்பட வேண்டும். நிருவாகமும் தன் பங்கைத் தந்து, ஆசிரியர் ஊதியத்தையும் பராமரிப்பையும் ஏற்க வேண்டும். கொடையாளர் பணத்தால் என்றென்றும் நடக்கும் பள்ளியாக அன்றி, அரசு தன் கடமையை ஒப்புக்கொள்ளும் பள்ளியாக அது அமைய வேண்டும் என்பதே நோக்கம்.

மக்கள் தம் பங்கைச் சேர்த்த விதம் உள்ளத்தை உருக்குவது. பலர் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். பள்ளிக்கெனப் பருத்தி நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிப் பயிரிட்டு, விளைந்ததை விற்றனர். பெண்கள் உணவு சமைத்து விற்றும் கோழிகளை விற்றும் காசு சேர்த்தனர். சிலர் மரம் வெட்டித் தந்தனர். பணமில்லாதவர் தச்சு வேலை செய்தனர். கட்டட வரைபடங்களை முதலில் டஸ்கெகியும், 1920 முதல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் இருந்த நிதியத்தின் அலுவலகமும் அளித்தன. மின்வசதி இல்லாத சிற்றூர்களை எண்ணி, வகுப்பறைக்குள் பகலொளி நிறைய வரும்படி வரிசையாகப் பெருஞ்சன்னல்கள் அமைக்கப்பட்டன.

இருபது ஆண்டுகளுக்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், 217 ஆசிரியர் இல்லங்களும், 163 தொழிற்பயிற்சிக் கூடங்களும் எழுந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 லட்சம் டாலர். இதில் ரோசன்வால்ட் தந்தது சுமார் 43 லட்சம். கறுப்பின மக்கள் தந்தது சுமார் 47 லட்சம். வெள்ளைய அண்டை அயலார் தந்தது சுமார் 12 லட்சம். எஞ்சிய பெருந்தொகை, ஏறத்தாழ 1 கோடியே 81 லட்சம், அரசின் வரிப்பணம். நாட்டின் பெருஞ்செல்வர் ஒருவரைக் காட்டிலும் ஏழை உழவர்கள் கூடுதலாகக் கொடுத்தனர் என்பதை இக்கணக்கு நமக்குக் காட்டுகின்றது.

ஒரு குறையும் அதன் நியாயமும்

இம்முறையைக் குறை கூறியவர்களும் உண்டு. கறுப்பின மக்கள் வரி செலுத்திவிட்டனர். தமக்கு உரிய பள்ளிக்காக மீண்டும் ஒருமுறை தம் உழைப்பிலிருந்து செலுத்த நேர்ந்தது. வெள்ளையர் பள்ளிக்கு இத்தகைய சுமை இல்லை. மேலும், இனப் பிரிவினையை எதிர்க்காமல் அதற்குள்ளேயே பள்ளி கட்டுவது அநீதியை நிலைநிறுத்தாதா என்றும் கேட்டனர். இக்கேள்விகளில் உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ரோசன்வால்ட் சட்டத்தை மாற்றப் போராடியவர் அல்லர். எனினும் சட்டம் மாறும் நாள்வரை குழந்தைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கையில் அன்றே எழுத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் மக்களின் முடிவாகவும் இருந்தது.

முடிவுள்ள அறக்கட்டளை

1917இல் ரோசன்வால்ட் தம் பெயரில் நிதியம் ஒன்றை நிறுவினார். 1928இல் அதனை விரிவுபடுத்தி, எட்வின் எம்பிரீ என்பாரைத் தலைவராக்கினார். அப்போது அவர் விதித்த நிபந்தனை அறக்கட்டளை வரலாற்றில் புதுமையானது. தாம் இறந்த 25 ஆண்டுகளுக்குள் வட்டி மட்டுமன்றி முதலும் முழுவதும் செலவிடப்பட்டு நிதியம் மூடப்பட வேண்டும் என்றார்.

இதன் காரணத்தை அவர் 1929இல் அட்லாண்டிக் மந்த்லி இதழில் விரிவாக எழுதினார். செயின்ட் லூயிஸ் நகரின் செல்வர் பிரையன் முல்லன்ஃபி, அந்நகர் வழியாக மேற்கே குடியேறச் செல்லும் ஏழைப் பயணிகளுக்கு உதவத் தம் சொத்தில் ஒரு பகுதியை எழுதி வைத்தார். காலப்போக்கில் அத்தகைய பயணிகள் அரிதாயினர். நிதியோ பயனற்றுக் கிடந்தது. இறந்தவரின் விருப்பம் வாழ்வோரின் தேவையைக் கட்டிப்போடுதல் தகாது என்பது ரோசன்வால்டின் கருத்து. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துத் துன்பத்தைத் தானே உணர்ந்து தீர்க்கும் என்று அவர் நம்பினார்.

பெயரைக் குறித்தும் அவர் அவ்வாறே இருந்தார். சிகாகோவின் அறிவியல் தொழிற்கூட அருங்காட்சியகத்திற்கு அவர் 30 லட்சம் டாலர் வழங்க முன்வந்தார். தொடக்கத்தில் அதற்கு இடப்பட்டிருந்த தம் பெயரை நீக்கச் செய்தார். தம் நிறுவனத்திற்கும் அவர் இவ்வாறே துணை நின்றார். 1921இல் அது பெருநட்டத்தில் வீழ்ந்த போது சொந்தச் செல்வத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடி டாலர் அளவுக்கு ஈடு கொடுத்து அதனைக் காத்தார். 1929இல் பங்குச் சந்தை சரிந்த போது கடன்பட்டுத் தவித்த தம் ஊழியர்களின் பங்குக் கணக்குகளுக்குத் தாமே பிணை நின்றார்.

மறைவுக்குப் பின்

1932ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோசன்வால்ட் இயற்கை எய்தினார். பங்கு விலை வீழ்ச்சியால் நிதியத்தின் செல்வம் பெரிதும் சுருங்கியிருந்தது. ஆயினும் அது பணியைத் தொடர்ந்தது. எழுத்தாளர்கள், கலைஞர்கள், ஆய்வாளர்கள் பலருக்கு உதவித்தொகை வழங்கிற்று. பாடகி மரியன் ஆண்டர்சன், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், அறிஞர் டு பாய்ஸ், ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். குறித்த காலக்கெடுவுக்கு முன்பே, 1948இல் நிதியம் தன் கதவை மூடிக்கொண்டது.

அவ்வுதவி பெற்றோருள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியல் அறிஞர் இணையரும் இருந்தனர். இனப் பிரிவினை குழந்தைகளின் மனத்தில் ஏற்படுத்தும் காயத்தை அவர்கள் ஆராய்ந்தனர். 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது எனத் தீர்ப்பளித்த போது, அதன் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. பிரிவினைக்குள் பள்ளி கட்டிய நிதியமே அப்பிரிவினையை வீழ்த்திய அறிவுக்கும் நீர் ஊற்றியிருந்தது.

அத்தீர்ப்புக்குப் பின் அப்பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன. பல இடிந்து மறைந்தன. எஞ்சியவற்றைக் காக்க வேண்டும் என்ற குரல் எழுந்து, 2002இல் அமெரிக்காவின் அழியும் நிலையிலுள்ள மரபிடங்களின் பட்டியலில் அவை சேர்க்கப்பட்டன. சில ஊர்களில் அங்கே படித்த முதியவர்களே கூடிப் பழைய கட்டடங்களைப் புதுப்பித்துள்ளனர். குடியுரிமைப் போராட்டத் தலைவராக விளங்கி 2020இல் மறைந்த ஜான் லூயிஸ் இத்தகைய பள்ளியொன்றில் பயின்றவர். தென் மாநிலக் கிராமங்களில் கறுப்பினத்தவர் அக்காலத்தில் பெற்ற கல்வி வளர்ச்சியில் இப்பள்ளிகளுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று 2011இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்றும் நிறுவியுள்ளது.

ரோசன்வால்டின் வாழ்க்கையிலிருந்து நாம் அறிந்துகொள்வன இரண்டு. பெறுபவரையும் கொடுப்பவராக்கும் கொடையே அவரைத் தாழ்த்தாத கொடை என்பது ஒன்று. கொடுத்தவர் தக்க காலத்தில் விலகிக்கொள்வதும் ஈகையின் ஒரு பகுதி என்பது மற்றொன்று. கல்வி நிதியோ மருத்துவ நிதியோ எதுவாயினும், சிறிய அளவில் நடத்துவோரும் இவ்விரண்டையும் கைக்கொள்ள இயலும். விண்ணப்பம் வரும்போது எவ்வளவு வேண்டும் என்று கேட்பதோடு, உங்கள் ஊரார் எதனைச் சேர்ப்பார்கள் என்றும் கேட்கலாம். பணம் இல்லாதோர் உழைப்பைச் சேர்க்கட்டும். உழைக்க இயலாதோர் ஒரு பிடி விளைச்சலைச் சேர்க்கட்டும். தம் பங்கைச் சேர்த்த ஊர் அந்தப் பள்ளியைக் கைவிடுவதில்லை.