குடத்துத் தண்ணீரில் ஒளிந்திருந்த அணு
கண்டுபிடித்த யூரேயின் கதை

திருவண்ணாமலைக் கோவிலின் சிவகங்கைத் தீர்த்தத்தில் 15 லிட்டர் குடம் ஒன்றை மொண்டால், அதில் சுமார் அரை கிராம் கன ஹைட்ரஜன் இருக்கும். நம் வீட்டுக் கிணற்று நீரிலும் அப்படித்தான். இதை உலகுக்குக் காட்டியவர் ஹெரால்டு யூரே.

அவர் 1893-ல் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். ஆறு வயதில் தந்தை இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிராமத்துப் பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகுதான் கல்லூரிக்குப் போனார்.

அணுக்களில் மிக லேசானது ஹைட்ரஜன். அதற்கு இரு மடங்கு எடையுள்ள ஓர் அண்ணன் உண்டு என்று யூரே கருதினார். திரவ ஹைட்ரஜனை மெல்ல ஆவியாக்கினார்கள். லேசானது முதலில் பறந்தது. மிஞ்சியதை ஆராய்ந்தார்கள். 1931 இறுதியில் அண்ணன் அகப்பட்டான்! தண்ணீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று வீதம் அவன் இருக்கிறான்.

1934-ல் யூரேக்கு நோபல் பரிசு கிடைத்தது. மகள் பிறக்கும் நேரம் என்பதால் அவர் பரிசு விழாவுக்குப் போகவில்லை. உடன் உழைத்த இருவருக்கும் பரிசுப் பணத்தில் பங்கு கொடுத்தார்.

சரி, இந்த அண்ணனால் என்ன ஆகும்?

ரசாயன மாற்றம் நடக்க, அணுக்கள் ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும். அண்ணாமலையின் மறுபக்கம் போக நாம் உச்சி ஏறி இறங்க வேண்டும். இல்லையேல் மலையைச் சுற்றிப் போக வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் போன்ற லேசான அணு, சில சமயம் உச்சி ஏறாமலே மறுபக்கம் வந்துவிடும். மலைக்குள் சுரங்கம் இருப்பது போல!

எடை கூடினால் இந்த வித்தை கடினம். ஹைட்ரஜன் நுழையும் இடத்தில் கன ஹைட்ரஜன் திணறும். அதனால் ரசாயன மாற்றத்தின் வேகம் குறையும். இரண்டு வழிகள் இருந்தால், அணு வேறு வழியில் போய், கிடைக்கும் பொருளே மாறிவிடலாம்.

மருந்திலும் இது உதவுகிறது. கன ஹைட்ரஜன் சேர்த்த மருந்து உடலில் மெதுவாகச் சிதையும். அதன் பலன் நீடிக்கும். அத்தகைய மருந்து ஒன்றுக்கு அமெரிக்கா 2017-ல் அனுமதி அளித்தது.

இரண்டாம் உலகப் போரில் யுரேனிய வகைகளைப் பிரிக்கும் வேலைக்கு யூரே தலைமை தாங்கினார். 1945-ல் ஜப்பான் மீது அணுகுண்டு விழுந்தது. அதன்பின் அணு ஆயுதங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அவர் ஊர் ஊராகப் பேசினார். கடலின் பழங்கால வெப்பத்தையும், நிலவின் பிறப்பையும் ஆராய்வதில் இறங்கினார். 1981-ல், 87-வது வயதில் காலமானார்.

அவர் கண்ட கன ஹைட்ரஜன் கலந்த கனநீருக்காகத் தூத்துக்குடியில் 1978-ல் ஓர் ஆலை தொடங்கியது. கல்பாக்கத்தில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கக் கனநீர் உதவியது. அணுவால் ஊரை அழிக்கவும் முடியும். ஊருக்கு விளக்கேற்றவும் முடியும். எதைச் செய்வது என்பது மனிதன் கையில்தான் இருக்கிறது.