பட்டம் கட்டிய குச்சி

பிள்ளைகளே, பால்சா குச்சிகளை ஒட்டிச் செய்த விமான பொம்மையைப் பார்த்திருக்கிறீர்களா? பால்சா என்பது தென் அமெரிக்கக் காடுகளில் வளரும் மரம். தக்கைபோல எடையே தெரியாது. நடுவில் நீளமாக ஒரு குச்சி, அதன்மேல் இறக்கை, பின்னால் வால். அலமாரியில் அழகுக்கு வைக்கும் அந்தப் பொம்மைக்கு ஒரு தாத்தா உண்டு. அதைச் செய்தவர் ஜார்ஜ் கெய்லி.

இவர் 1773ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தார். இவருக்கு ஒன்பது வயதானபோது பிரான்ஸில் மனிதர்கள் முதன்முதலாக பலூனில் பறந்தார்கள். ஊரெல்லாம் பலூன் பேச்சு! ஆனால் பலூன் காற்று இழுத்த பக்கம்தான் போகும். நினைத்த பக்கம் போக என்ன வழி?

அதற்கு முன்பு பறக்க ஆசைப்பட்ட பலரும் பறவையைப் பார்த்து, கைகளில் இறக்கை கட்டி அடித்துப் பார்த்தார்கள், கீழே விழுந்தார்கள். கெய்லி வேறு மாதிரி யோசித்தார். தூக்குவது ஒரு வேலை, முன்னே தள்ளுவது இன்னொரு வேலை. இரண்டையும் இறக்கையே ஏன் செய்ய வேண்டும்? இறக்கை அசையாமல் நின்று தூக்கட்டும். தள்ளுவதற்கு வேறு கருவி இருக்கட்டும். 1799இல் இந்த எண்ணத்தை ஒரு சிறு வெள்ளி வில்லையில் படமாகச் செதுக்கி வைத்தார்.

அசையாத இறக்கை எப்படித் தூக்கும்? காற்று பலமாக வீசும்போது உங்கள் பரீட்சை அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். அட்டை கையையும் சேர்த்து மேலே தூக்கும். (மொட்டை மாடிச் சுவர் ஓரத்தில் நின்று வேண்டாம்!) எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு தூக்கும் என்பதைக் கெய்லி அளந்தே பார்த்தார். நீளமான கோலின் நுனியில் சிறு இறக்கையைப் பொருத்தி, அதைச் சுழல விட்டுக் கணக்கெடுத்தார்.

பிறகு, 1804இல், ஒரு காகிதப் பட்டத்தை எடுத்தார். மரக்குச்சியின்மேல் முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி, 6 டிகிரி சாய்வில் கட்டினார். குச்சியின் பின் முனையில், வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளும்படி ஒரு வால். எடை சரியாக நிற்க, கூரான முனையுள்ள சிறு பாரத்தைக் குச்சியில் குத்தி, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். குன்றின் மேலிருந்து விட்டபோது அது குப்புற விழாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வாலைச் சற்றுத் திருப்பினால் அந்தப் பக்கமாகத் திரும்பியது!

நானும் மாணவர்களோடு ஈர்க்குச்சியில் இப்படி ஒன்று செய்தேன். பத்து முறை தலைகுப்புற விழுந்தது. மூக்கில் ஒட்டிய களிமண்ணைப் பாதியாகக் கிள்ளி எடுத்த பிறகுதான் பறந்தது.

கெய்லி அவசரப்படவில்லை. ஆளைத் தூக்கும் அளவுக்குப் பெரிதாகச் செய்ய அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1849இல் சுமார் பத்து வயதுச் சிறுவன் ஒருவனை ஏற்றிச் சிறிது தூரம் மிதக்க விட்டார். அவன் பெயரை யாரும் எழுதி வைக்காமல் போனார்களே என்று எனக்கு வருத்தம்தான்.

1853இல் தம் குதிரை வண்டிக்காரரை ஏற்றி ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே பறக்க விட்டார். அப்போது கெய்லிக்கு வயது 79. வண்டி தரையில் மோதி நின்றது. தப்பித்த வண்டிக்காரர், வண்டி ஓட்டத்தான் வேலைக்கு வந்தேன், பறக்க அல்ல என்று சொல்லி வேலையை விட்டுவிட்டதாகக் கெய்லியின் பேத்தி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கெய்லிக்குக் கிடைக்காதது ஒன்றுதான்: எஞ்சின். அன்றைய நீராவி எஞ்சின்கள் பறக்க முடியாத அளவுக்குக் கனமானவை. வெடிமருந்தால் ஓடும் எஞ்சினைக்கூட முயன்றார், சரிவரவில்லை. 1857இல் காலமானார். பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகு, 1903இல், அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். கெய்லியின் எழுத்துகளை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த வெள்ளி வில்லை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.